இரவிலே கிடைத்த சிரிப்பு

வட்டவளைத் தோட்டத்து லயமொன்றிலே பிறந்து, கொழும்பிலே கடைச் சிப்பந்தியாக வேலை பார்க்கும் வாலிபன் ஒருவனை நான் அறிவேன். தன் நெஞ்சம் ஆண்மகனையே நாடுகிறதென்பதை என்னிடம் சொல்ல அவனுக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. தன்னைப் போன்றோர் கூடிய இராவிருந்தொன்றுக்கு ஒருமுறை சென்றதைப் பற்றி, "அன்னைக்குத்தான் ஐயா, பயமில்லாம சிரிச்சேன்" என்றான்.

அச்சொல்லை நான் மறக்கவில்லை. தன்பாலீர்ப்புடையோருக்கு இரவு விடுதி வெறுங் கேளிக்கைக் கூடமன்று. பகல் மறுத்த உறவை இரவிலே தேடிக்கொண்டவர்கள் அவர்கள். 1969இல் நியூயோர்க்கின் ஸ்டோன்வோல் விடுதியுட் பொலிசார் புகுந்தபோது எழுந்த எதிர்ப்பு, உரிமை இயக்கமொன்றுக்கே உரமாயிற்று. ஆயினும் மேலைநாட்டிலும் அவ்விடுதிகள் அருகலாயின. இலண்டனில் 2006இல் 125 ஆக இருந்தவை 2017இல் 53 ஆகக் குறைந்தன. வாடகை உயர்வு ஒரு காரணம். இளையோர் கைத்தொலைபேசியிலே துணை தேடுவது மற்றொன்று.

நம் நாட்டிலோ விடுதி வேரூன்றுமுன்பே கைத்தொலைபேசி வந்துவிட்டது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இவ்வுறவைக் குற்றமாக்கியது; 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதனுள் அடக்கியது. 2004இல் தோன்றிய ஈக்வல் கிரவுண்ட் அமைப்பு, மறு ஆண்டு முதல் கொழும்பிலே பெருமை விழா எடுத்தது. 2022இல் யாழ்ப்பாண வீதியிலும் ஊர்வலம் நடந்தது. சட்டத்தைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதன் பின்னரும் சட்டமன்றத்தின் தயக்கம் தீரவில்லை.

இவையெல்லாம் மலையேறி வந்தனவா? காம்பரா ஒன்றில் குடும்பமே அடங்கும் லயத்திலே தனிமை ஏது? யுவதிகளுக்கோ இருட்டியபின் வாசல் தாண்டுவதே அரிது. கைத்தொலைபேசி ஒருவரைக் காட்டித் தரும். அவர் நல்லவரென்று உறுதி தராது. முகமறியாதாரை நம்பிச் சென்று மிரட்டலுக்கு ஆளாவோரும் உளர். நால்வர் கூடிய இடத்திலே, மூத்தவர் ஒருவர் எச்சரிப்பார். அழுதால் ஒருவர் தேற்றுவார். விடுதிகள் செய்த பெரும்பணி இதுவே.

மலையகத்திலே மதுவிடுதி திறக்கவேண்டுமென நான் கேட்கவில்லை. மதுவின் கொடுமையை நம் லயங்கள் நன்கறியும். வாசிகசாலையிலும் இளைஞர் மன்றத்திலும் இப்பிள்ளைகள் அஞ்சாது அமர இடம் வேண்டும். அதற்கு முன், பெற்ற வீட்டிலே இடம் வேண்டும்.

அவ்வாலிபன் தீபாவளிக்கு ஊர் வருகிறான். தாய்க்குச் சேலையும் தம்பிக்குச் சட்டையும் கொண்டுவருகிறான். அந்தச் சிரிப்பை மட்டும் கொழும்பிலேயே விட்டு வருகிறான். அதுவும் வட்டவளைக்கு வந்து சேரும் நாளே நமக்கு நன்னாள்.