பின்னால் நின்றவர் யார்?

நேற்று காலை பால் வாங்கிக்கொண்டு எஸ்டேட் உள் ரோடு வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு நாற்பது அடி கன்டெய்னர் டிரெய்லர் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. ஒரு கம்பெனி கேட்டுக்குள் ரிவர்ஸில் நுழையப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன, ஹாரன் காதைப் பிளக்கிறது. டிரைவர் ஒற்றை ஆள், கிளீனர் கிடையாது. கேட்டைத் திறந்துவிட்ட செக்யூரிட்டி, தன் வேலை அதோடு முடிந்தது என்பதுபோல் ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்க்கிறார். பின்னால் நகர்கிற பெட்டிக்கும் கேட் தூணுக்கும் நடுவில் இருந்த நாலடி இடைவெளியில் பைக்குகள் ஒவ்வொன்றாகப் புகுந்து போய்க்கொண்டிருந்தன. ஒரு பைக்கில் முன்னால் பள்ளிக்கூடப் பெண் குழந்தை.

அம்பத்தூரில் இது தினமும் நடக்கிற காட்சிதான். 1964-ல் எஸ்டேட் வந்தபோது போட்ட உள் ரோடுகள் அந்தக் காலத்து லாரிகளுக்குப் போட்டவை. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது 1983 டிசம்பரில். அதற்கப்புறம்தான் இந்த நீளப் பெட்டிகள் நம் ஊர்ப் பக்கம் வர ஆரம்பித்தன. பெட்டி மட்டும் 40 அடி, முன்னால் இழுக்கிற வண்டியைச் சேர்த்தால் 50 அடிக்கு மேல். வண்டி நீண்டுவிட்டது, ரோடும் கேட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

எல்லாரும் அந்த டிரைவரைத்தான் திட்டினார்கள். "ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் வண்டியைக் குடுத்துடறாங்க" என்றார் ஆட்டோக்காரர் ஒருவர். எனக்கு ஒரு பழைய காகிதம் ஞாபகத்துக்கு வந்தது.

முப்பது வருஷம் இதே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்தேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். 1997 நவம்பர். ஏற்றுமதி சரக்கு. எக்சைஸ் அதிகாரி வந்து பார்த்து சீல் வைத்துவிட்டுப் போக வேண்டும். மறுநாள் காலைக்குள் பெட்டி ஹார்பருக்குள் போகாவிட்டால் கப்பல் போய்விடும். டிரெய்லர் வந்து சேர்ந்தபோது ராத்திரி எட்டரை மணி, நல்ல மழை. கிளீனர் பையனுக்குக் காய்ச்சல் என்று மாதவரத்திலேயே இறக்கிவிட்டு டிரைவர் தனியாக வந்திருந்தார்.

அவர் கேட்டில் நிறுத்தி இறங்கி வந்து சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "சார், கேட்டு எனக்கு இடது கைப் பக்கம் வருது. அப்படியே முன்னாடி போயி ஒரு சுத்து சுத்தி எதிர்ப் பக்கமா வந்துடறேன். வலது பக்கம் ஒடிச்சா கண்ணால பாத்தே உள்ள விட்டுடுவேன்."

சுற்றி வர இருபது நிமிஷமாவது ஆகும். எக்சைஸ் அதிகாரி வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்னேன்: "அதெல்லாம் வேணாம்பா, நேரமில்லை. நான் பின்னாடி நின்னு சொல்றேன், வா."

டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன். "வா வா வா" என்று கத்திக்கொண்டே இருந்தேன். பிளாட்ஃபார்ம் ஓரத்தில் ஒரு லோடுமேன், பெட்டிக்கும் பிளாட்ஃபார்முக்கும் நடுவில் போடுகிற இரும்புத் தகட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் கை எங்கே இருக்கிறது என்று நான் பார்த்த கணத்தில் "ஹோல்டான்" என்று அலறினேன். மழை, ஜெனரேட்டர் சத்தம். டிரைவருக்குக் கேட்கவில்லை. என் டார்ச்சும் அவருக்குத் தெரியவில்லை. லோடுமேனின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் விசாரணை. படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம். "ஓட்டுநர் பின்புறம் கவனிக்காமல் வண்டியை இயக்கியது" என்று எழுதி மேலதிகாரி என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் சுற்றி வருகிறேன் என்று சொன்னதோ, நான் வேண்டாம் என்றதோ அதில் இல்லை. பின்னால் ஓர் ஆள் நின்றார் என்பதே அதில் இல்லை. டிரான்ஸ்போர்ட்காரர் அந்த டிரைவரை அன்றே நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். லோடுமேன் நஷ்டஈடு வாங்கி, பேக்கிங்கில் வேலை பார்த்து, எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். டிரைவரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

அன்று அந்த டிரைவருக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்பது எனக்குப் புரிய ஆறு மாசம் ஆயிற்று. எங்களுக்கு வழக்கமாக வரும் சங்ககிரிக்கார டிரைவர் ஒருவர் இருந்தார். நாமக்கல், சங்ககிரி பக்கத்து ஆட்களுக்கு லாரி ரத்தத்தில் ஊறியது என்பார்கள். எனக்கு அப்படிப் பொதுவாகச் சொல்வதில் நம்பிக்கை இல்லை, ஆனால் இவர் விஷயத்தில் உண்மை. அவரிடம் போய், "அண்ணே, எனக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக் குடுங்க" என்றேன். சிரித்தார். "சார், நீங்க எழுதற வேலை பாக்கறவரு" என்றார். விடவில்லை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு குடோன் வளாகத்துக்குள் பெரிய காலி மைதானம். மூன்று ஞாயிற்றுக்கிழமை, இருபது அடி டிரெய்லர், காலிப் பெட்டி. கம்பவுண்டுக்குள்தான் ஓட்டினேன், லைசென்ஸ் கேட்காதீர்கள்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காரில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவோம். டிரெய்லரில் அது தலைகீழ். வால் வலது பக்கம் போக வேண்டும் என்றால் முதலில் இடது பக்கம் திருப்ப வேண்டும். இழுக்கிற வண்டியும் பெட்டியும் கிங் பின் என்கிற ஒரே முளையில் சேர்ந்திருப்பதால், முன்வண்டியின் பின்பாகம் இடது பக்கம் தள்ள, பெட்டியின் வால் வலது பக்கம் திரும்பும். இதைத்தான் "ஒடிக்கிறது" என்பார்கள். ஒடித்த உடனே திரும்ப வலது பக்கம் சுழற்றி, பெட்டியின் பின்னாலேயே முன்வண்டியைக் கொண்டுபோக வேண்டும். இது "நிமித்தறது". நிமிர்த்தாமல் விட்டால் வண்டி பேனாக்கத்தி மாதிரி மடிந்துகொள்ளும். கேபினின் முதுகு பெட்டியில் இடிக்கும். முதல் ஞாயிறு நான் ஏழெட்டு முறை மடக்கினேன். ஒவ்வொரு முறையும் அவர் பீடியைப் பற்றவைத்தபடி, "முன்னாடி எடுங்க, நேர் பண்ணுங்க, மறுபடி வாங்க" என்பார். முன்னால் எடுத்து நேராக்கிக்கொள்வதில் வெட்கமே கூடாது என்பது அவர் கட்சி. ஒரே மூச்சில் உள்ளே விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறவன்தான் இடிப்பான் என்பார்.

இரண்டாவது ஞாயிறு ஒரு தந்திரம் சொன்னார். ஸ்டியரிங்கை மேலே பிடிக்காதே, அடியில் பிடி. அடியில் இருக்கும் கை எந்தப் பக்கம் நகர்கிறதோ வாலும் அந்தப் பக்கம் நகரும். அதோடு என் குழப்பம் பாதி தீர்ந்தது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: டிரெய்லர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு சீக்கிரம் மடியும். நாற்பது அடி மெதுவாகப் பேச்சைக் கேட்கும், டிராக்டர் டிப்பர் சட்டென்று கோபித்துக்கொள்ளும். திருத்தணிப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் மாட்டு வண்டியைக் கொட்டகைக்குள் பின்பக்கமாக விட மாட்டை அவிழ்த்துவிட்டு நுகத்தடியை ஆளே பிடித்துத் தள்ளுவார்கள். அவர்கள் விவரமானவர்கள்.

மூன்றாவது ஞாயிறுதான் எனக்கு வேண்டியது கிடைத்தது. "இப்ப இடது பக்கம் ஒடிங்க சார்" என்றார். ஒடித்தேன். இடது கண்ணாடி முழுக்கப் பெட்டியின் தகரம். வலது கண்ணாடியில் காலி மைதானமும் வானமும். பெட்டியின் பின்முனை எந்தக் கண்ணாடியிலும் இல்லை. "இப்ப நான் எங்க நிக்கறேன் சொல்லுங்க" என்று எங்கிருந்தோ குரல் கொடுத்தார். எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால், 97-ல் நான் நின்ற அதே இடத்தில் நிற்கிறார்.

நம் நாட்டு வண்டியில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். வலது பக்கம் ஒடித்தால் ஜன்னலில் தலையை நீட்டி வண்டியின் வால்வரை பார்க்கலாம். இடது பக்கம் ஒடித்தால் குருடுதான். கேட் இடது பக்கம் வந்தால் ஒரு சுற்று சுற்றி வந்து அதை வலது பக்கமாக்கிக்கொள்வது தொழில் தெரிந்தவன் செய்வது. அந்த மனிதர் அதைத்தான் கேட்டார். அவருக்கு ஓட்டத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் நிற்கத் தெரியவில்லை.

போன கோடையில் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போனபோது இது இன்னொரு ரூபத்தில் வந்தது. நம் ஊரில் கேரவன் என்றால் பூந்தமல்லிப் பக்கம் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் பஸ். அங்கே குடும்பங்கள் காருக்குப் பின்னால் படுக்கை, அடுப்போடு ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். மகனும் 25 அடி டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். அதற்கென்று தனி லைசென்ஸ் எதுவும் கேட்கவில்லை, சாதாரணக் கார் லைசென்ஸே போதுமாம். (பிரிட்டனில் இதற்கு ஒரு தனித் தேர்வு இருந்தது. லாரி டிரைவர் பற்றாக்குறை வந்ததும், தேர்வாளர்களை லாரிப் பக்கம் திருப்புவதற்காக 2021 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.)

மரங்களுக்கு நடுவே நமக்கு ஒதுக்கிய இடத்தில் பின்பக்கமாக நுழைக்க வேண்டும். பொழுது சாய்கிறது. சுற்றிலும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மருமகள் பின்னால் நின்று "லெஃப்ட், லெஃப்ட்... ஐயோ, உங்க லெஃப்ட் இல்ல, என் லெஃப்ட்" என்கிறாள். இவன் கண்ணாடியை இறக்கி, "எந்த லெஃப்ட்னு ஒழுங்கா சொல்லு" என்று கத்துகிறான். அந்த டிரெய்லர் ஒரு கல்யாணத்தையே மடக்கிவிடும் போலிருந்தது. நான் இறங்கிப் போனேன். "டேய், ஹாரனை விடு, இறங்கி வந்து முதல்ல இடத்தைப் பாரு. அந்தக் கிளை எங்க தாழ்ந்திருக்கு, கல்லு எங்க இருக்குன்னு பாத்துக்க. நான் உன் கண்ணாடில தெரியற இடத்துலதான் நிப்பேன். என் முகம் மறைஞ்சா உடனே பிரேக். நான் பேச மாட்டேன், கை மட்டும்தான்." அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் பார்வையும் இடது பக்கம், பூங்காவின் உள் பாதையைச் சுற்றி எதிர்த் திசையில் வரச் சொன்னேன். முணுமுணுத்தான். வந்தான். நாலு முறை முன்னும் பின்னும் எடுத்து உள்ளே விட்டான்.

ராத்திரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, "இதெல்லாம் எங்கப்பா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான். மைதானத்தைச் சொன்னேன். அதற்கு முந்தைய மழை ராத்திரியைச் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ரிவர்ஸ் தனி ஆள் வேலை இல்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில், லைசென்ஸ் தேர்வில் குறுகலான இடத்துக்குள் பின்னோக்கிச் செலுத்திக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி. ஆனால் வண்டிக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு எந்தத் தேர்வும் கிடையாது. முன்பு அந்த வேலையைக் கிளீனர் பார்த்தார். அவருக்கு வேலைநேரம் இல்லை, சம்பளம் சொற்பம், அடியும் வசவும் உண்டு. அந்தப் பிழைப்பு ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆள் போனாரே தவிர வேலை போகவில்லை. அது இப்போது யாருடையது? டிரைவருடையது என்று டிரான்ஸ்போர்ட்காரர் சொல்கிறார். கம்பெனியோ, கேட்டுக்குள் வரும்வரை வண்டி எங்கள் பொறுப்பில்லை என்கிறது.

கேமரா வந்துவிட்டதே என்பீர்கள். காருக்குச் சரி. டிரெய்லரில் முன்வண்டி இன்றைக்கு ஒரு பெட்டியை இழுக்கும், நாளைக்கு வேறொன்றை. பின்முனையில் கேமரா வைத்து வயர் இழுத்துக்கொண்டிருக்க நம் ஊரில் எத்தனை பேர் தயார்? வைத்தாலும் ஒரு மழைக்குச் சேறு பூசிக்கொள்ளும்.

டிரெய்லரை வரவழைக்கிற கம்பெனி, கேட்டில் நிற்க ஓர் ஆளைத் தர வேண்டும் என்பது என் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் அவருக்குக் கற்றுத்தர: முகம் கண்ணாடியில் தெரிய வேண்டும், சொல்கிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், ரோட்டில் வருகிறவர்களை நிறுத்திவிட்டுத்தான் டிரைவரைக் கூப்பிட வேண்டும். டிரைவர் சுற்றி வருகிறேன் என்றால் மறுபேச்சு கூடாது. இதைவிட முக்கியமாக, விபத்துப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்: பின்னால் நின்றவர் யார்? பெயர், கையெழுத்து. அந்தக் கட்டம் அன்று இருந்திருந்தால் "காரணம்" என்ற இடத்தில் அப்படி எழுதியிருக்க முடியாது. எழுதினாலும் அடியில் என் பெயர் இருந்திருக்கும்.

நேற்றைய கதைக்கு வருகிறேன். பால் பையை செக்யூரிட்டி ஸ்டூல் பக்கத்தில் வைத்துவிட்டு ரோட்டில் இறங்கினேன். அடுத்த பைக்கைக் கை காட்டி நிறுத்தினேன். "யோவ் பெருசு, ஆபீசுக்கு லேட்டாகுது" என்றான். நின்றான். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கும்வரை கையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். பார்த்தார். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. முன்னால் எடுத்து நேர் பண்ணு என்று கையால் சொன்னேன். எடுத்தார். அப்புறம் மூன்று நிமிஷத்தில் பெட்டி உள்ளே போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது பால் வெயிலில் சூடாகியிருந்தது. காய்ச்சினால் திரிந்துவிட்டது. வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.