தெகுஸ்தசியோன் என்றால் குடி இல்லையாம்!

இதை எழுதினால் வீட்டில் ஒரு வாரம் எனக்குக் காபி ஆறித்தான் வரும் என்று தெரியும். பரவாயில்லை.

பாரிஸ் பக்கம் குடியேறிவிட்ட என் தங்கை மகன் டிசம்பரில் வந்திருந்தான். பெட்டியில் துணிகளுக்கு நடுவே நான்கு பாட்டில். ஒவ்வொன்றும் 75 சாந்திலீட்டர். ஷாம்பெய்னுக்குப் போடுவது போலத் தக்கையும் அதன்மேல் கம்பிக் கட்டும். பார்த்தவர்கள் ஒயின் என்றுதான் நினைப்பார்கள். பீர்! பெல்ஜிய பாணியில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய வட பிரான்ஸ் ஊர் ஒன்றில் காய்ச்சி, ஒயின் இருந்த ஓக் மரப் பீப்பாயில் ஊறப்போட்டது. லேபிளில் இருந்ததை அவனுடைய சிநேகிதன் ஆங்கிலம் மாதிரி "ஃபட்" என்று படித்தான். "ஃபூ" என்று திருத்தினேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்ததற்கு இந்த வயதில் மிச்சம் இருக்கும் உபயோகம் அவ்வளவுதான். அதே லேபிளின் மூலையில் 10% என்று போட்டிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. நான் குமாஸ்தா. எண் இருந்தால் கண் அங்கேதான் போகும்.

மாடியில் ஆறு பேர் உட்கார்ந்தோம். மருமகன், அவனுடைய இரண்டு சிநேகிதர்கள், என் மாப்பிள்ளை, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பேராசிரியர், நான். "இது குடிக்கிறதில்ல மாமா, தெகுஸ்தசியோன்" என்றான். ருசி பார்ப்பதாம். சரி, பார்த்தோம்.

பொய் சொல்ல மாட்டேன், பீர் நன்றாக இருந்தது. நம் கடைகளில் "ஸ்ட்ராங்" என்று விற்கும் பீரின் தலைவலி வாசனை இதில் இல்லை. நவ்வாப்பழத்தைக் கசக்கிய மாதிரி நிறம். முதல் வாயில் கருப்பட்டிப் பாகும் பேரீச்சம்பழமும். விழுங்கின பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு, கடைசியில் பாட்டி காலத்து மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. மருமகன் தோல், செர்ரி, வனிலா என்று அடுக்கினான். அவன் ஊரில் அவை இருக்கின்றன, சொல்கிறான். எனக்குத் தெரிந்தது கருப்பட்டி.

அது கற்பனையும் அல்ல. பெல்ஜியத்தில் கறுப்பு நிற கனத்த பீர்களுக்குச் சர்க்கரை பீட்டிலிருந்து எடுத்த சர்க்கரையைக் காய்ச்சிக் கருக வைத்த பாகைச் சேர்ப்பது வழக்கம். சர்க்கரையில் பெரும்பகுதி ஈஸ்ட்டுக்குத் தீனியாகிவிடும். அதனால் கெட்டியாகாமல் போதை மட்டும் ஏறும், நிறமும் வாசனையும் தங்கும். பீப்பாயின் வேலை அதற்குப் பிறகுதான். போர்தோ பக்கத்துப் பீப்பாய் ஒன்று 225 லீட்டர் பிடிக்கும். ஒயினைக் காலி செய்ததும் அதில் பீரை ஊற்றி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பலகை குடித்து வைத்திருந்த ஒயின் பீரில் இறங்குகிறது. மரத்தின் வழியாகக் காற்று இம்மியளவு உள்ளே போகிறது. பலகை இடுக்கில் குடியிருக்கும் காட்டு ஈஸ்ட்டும், நம் பழைய சோற்றைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவும் மெதுவாகத் தங்கள் கைவரிசையைக் காட்டுகின்றன. மேற்கு ஃபிளாண்டர்ஸில் ரூசெலாரே என்ற ஊரில் ரோடன்பாக் என்ற பழைய கம்பெனி, ஆள் உயரத்துக்கும் மேலான ஓக் தொட்டிகளில் இரண்டு வருடம் வரை பீரை ஊறவிடுகிறது. பொறுமையான தொழில். மரியாதைக்குரிய தொழில். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை வந்தது ஏழரை மணிக்கு.

எங்கள் வீட்டுக்கு முப்பது வருடமாக வெள்ளையடிக்க வரும் மேஸ்திரி அன்றைய கூலிக்காகப் படியேறி வந்தார். சாயந்திரம் வேலை முடிந்து, கைகால் கழுவி, கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். வாசனை வந்தது. ஆனால் ஆள் நிதானம். பணத்தை எண்ணி வாங்கினார், "திங்கக்கிழமை ரெண்டாவது கோட்டிங் அடிச்சிடலாம் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் தலை மறைந்ததும் மருமகன், கையில் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே, "குடிச்சிட்டு வந்திருக்காரு மாமா. இந்த மாதிரி ஆளுங்கள வீட்டுக்குள்ள விடாதீங்க" என்றான். பேராசிரியர் தலையை ஆட்டினார். "இந்தக் குடியாலதான் நம்ம ஜனங்க உருப்படல" என்றார். அவர் மீசையில் பீர் நுரை இருந்தது.

பேனா எடுத்தேன். நாற்பது வருடம் கோப்பில் நோட் எழுதின கை.

மேஸ்திரி குடித்தது ஒரு குவார்ட்டர். 180 மில்லி, 42.8 சதவீதம். சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி. எங்கள் பாட்டில் 750 மில்லி, 10 சதவீதம். 75 மில்லி. ஆக, தக்கை போட்ட அந்த ஒயின் பீப்பாய்ச் சீமாட்டியும் சாலையோரக் குவார்ட்டரும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு! இரண்டே மில்லிதான் வித்தியாசம். காகிதத்தை மேஜையில் வைத்தேன்.

"ஒரு பாட்டிலை ஆறு பேர் பகிர்ந்துக்கறோமே மாமா" என்றான். நியாயமான பாயிண்ட்தான். ஆனால் மூன்று பாட்டில் திறந்தாயிற்று. தலைக்கு 37.5 மில்லி. அதற்கு முன்னால் ட்யூட்டி ஃப்ரீ விஸ்கி, 40 சதவீதம், ஆளுக்கு 60 மில்லி வீதம் இரண்டு ரவுண்டு. அது 48. கூட்டினால் 85.5. பிரஷர் மாத்திரையால் விஸ்கியைத் தொடாத என்னைத் தவிர, அந்த மாடியில் இருந்த ஒவ்வொருவரும் மேஸ்திரியைவிட அதிகமாகவே குடித்திருந்தார்கள். அவர் படி பார்த்து இறங்கினார். இவர்களில் ஒருவர் பாத்ரூமைத் தேடி என் மனைவியின் பூஜை அறையைத் திறந்தார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்களே!

இவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பெல்ஜியத்தின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். 1919-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். வாந்தர்வெல்த் சட்டம் என்று பெயர். கொண்டுவந்த எமில் வாந்தர்வெல்த் சோஷலிஸ்ட், அப்போது நீதித்துறை மந்திரி. ஜின் போன்ற சாராய வகைகளைக் கஃபேயில் கொடுக்கக் கூடாது. கடையில் வாங்குவதானால் ஒரே தடவையில் இரண்டு லீட்டருக்குக் குறையாமல் வாங்க வேண்டும். நல்ல எண்ணம்தான், தொழிலாளி குடும்பம் அழியக் கூடாது என்று. ஆனால் இரண்டு லீட்டர் வாங்கக் காசு உள்ளவன் யார்? அவன் வீட்டு அலமாரியில் பாட்டில் நிற்கும், யாரும் கேட்க மாட்டார்கள். கூலிக்காரனுக்குத்தான் ஒரு சின்ன கிளாஸ் கிடையாது. கஃபேயில் பீருக்கு அனுமதி இருந்ததால், காரமான பீருக்குக் கிராக்கி கூடியது. 1920-களில் டூவெல், 1934-ல் வெஸ்ட்மாலின் திரிப்பல், பிறகு கிறிஸ்துமஸுக்கென்று ஷிமே மடத்தின் நீல லேபிள் பீர், எல்லாம் இந்தச் சட்டத்தின் காலத்தில் வந்தவை. 1980-கள் வரை அந்தச் சட்டம் இருந்தது. நாம் சுழற்றி முகர்ந்து பார்க்கும் இந்த ஸ்ட்ராங் பீர் வகைக்குக் கிராக்கி வந்ததில், சாராயம் மறுக்கப்பட்ட கூலிக்காரனுக்கும் ஒரு பங்கு உண்டு. லேபிளில் துறவி படம் போடுவார்கள். அவன் படத்தைப் போட மாட்டார்கள்.

குடிக்கு வக்காலத்து வாங்குகிறான் கிழவன் என்று சிலர் சொல்வீர்கள். என்னோடு படித்தவர்களில் மூன்று பேரைக் கல்லீரல் கொண்டுபோயிற்று. ஒருவன் சொல்தா வீட்டுப் பிள்ளை, அப்பாவின் பிரெஞ்சு பென்ஷனில் சீமைச் சரக்காகவே குடித்தான். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. குடி கெடுதல் என்றால் இருவருக்கும் கெடுதல் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஒருவனுக்கு அது ரசனை, இன்னொருவனுக்கு அது ஒழுக்கக்கேடு என்று சொல்லாதீர்கள்.

வேகம் வித்தியாசம் என்கிறார்கள். உண்மை. நாங்கள் மூன்று மணி நேரம், முந்திரியும் வறுத்த நெத்திலியும் வைத்துக்கொண்டு குடித்தோம். மேஸ்திரி ஐந்து நிமிடத்தில் நின்றபடி ஊற்றிக்கொள்கிறார், அது உடம்புக்கு இன்னும் மோசம். ஆனால் அவருக்கு உட்கார இடம் எங்கே? கடற்கரைப் பக்கம் ரெஸ்டோபார்களில் வார இறுதிக்கு வருகிறவர்களுக்கு மெத்தை நாற்காலி உண்டு, விளக்கு உண்டு, பாட்டு உண்டு. சுண்ணாம்பு வேட்டியோடு அவர் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உட்கார விடாமல் நிறுத்தி வைத்துவிட்டு, நின்றுகொண்டு குடிக்கிறான் என்று குறை சொல்கிறோம்.

இதையெல்லாம் அன்று மாடியில் சொன்னேன், இதைவிடக் கொஞ்சம் சத்தமாக. பேராசிரியர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் மட்டும் அந்தக் காகிதத்தை எடுத்துக் கூட்டலை ஒருமுறை சரிபார்த்தான். தப்பு இல்லை. "நீங்க ஆபீஸ்லயும் இப்படித்தானா மாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

மேஸ்திரி திங்கட்கிழமை வந்து இரண்டாவது கோட்டிங் அடித்து முடித்தார். மருமகன் ஊருக்குப் போய் இரண்டு வாரம் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். அந்தச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திறக்காத நாலாவது பாட்டிலை எப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்டான். ஒயின் மாதிரி படுக்க வைக்கக் கூடாதாம், அடியில் ஈஸ்ட் வண்டல் இருப்பதால் நிற்க வைக்க வேண்டுமாம். நின்றுகொண்டுதான் இருக்கிறது, மர பீரோவில், என் மனைவியின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில். அதை எப்போது அங்கிருந்து எடுக்கப் போகிறேன் என்று அவளும் தினம் கேட்கிறாள்.