பழைய பிளேயருக்காக பைலை மாற்றுங்கள், ஒரிஜினலை அழிக்காதீர்கள்

"பையன் போனில் எடுத்து அனுப்பிய வீடியோவை பென் டிரைவில் போட்டு டி.வி.டி. பிளேயரில் செருகினால் படம் வரவில்லை." கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. "பழைய பிளேயரைத் தூக்கிப் போடுங்கள்" என்று உடனே பதில் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தமிழக அரசு 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை நடத்திய திட்டத்தில் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டி.வி.யும், அதில் இணைத்த டி.வி.டி. பிளேயரும் இன்னும் ஓடுகிற வீடுகள் கரிசல் ஊர்களில் இருக்கின்றன. ஓடுகிற சாதனத்தை ஏன் எறிய வேண்டும்? பைலை மாற்றினால் போதும்.

முதலில் ஒன்று. எம்.பி.4 என்ற துணைப்பெயரை அழித்து ஏ.வி.ஐ. என்று டைப் செய்தால் பைல் மாறிவிடாது. தீப்பெட்டியின் லேபிளை மாற்றினால் உள்ளே இருக்கும் குச்சி மாறுமா? இன்றைய போன்கள் வீடியோவை எச்.264 அல்லது எச்.265 என்ற முறையில் சுருக்கிப் பதிகின்றன. யு.எஸ்.பி. வசதி உள்ள பழைய பிளேயர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெரிந்தது டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகைகள்தான். ஒலியும் எம்.பி.3 ஆக இருக்க வேண்டும்.

பலரும் சிபாரிசு செய்யும் ஹேண்ட்பிரேக் புரோகிராம் இதற்கு உதவாது. 2009லேயே ஏ.வி.ஐ., எக்ஸ்விட் இரண்டையும் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஏவிடெமக்ஸ் போதும். வீடியோவுக்கு எக்ஸ்விட், ஆடியோவுக்கு எம்.பி.3, அவுட்புட்டுக்கு ஏ.வி.ஐ. எனத் தேர்ந்தெடுங்கள். பில்டரில் அளவை 720க்கு 400 எனக் குறைத்திடுங்கள். கியூபெல், ஜி.எம்.சி. என்ற இரண்டு ஆப்ஷன்களை டிக் செய்யாதீர்கள். பல பிளேயர்கள் அதில் திணறும். பென் டிரைவை பேட்32 முறையில் பார்மட் செய்திடுங்கள். (பையனிடம் இனிமேல் போனைப் படுக்கை வாட்டில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். நிமிர்த்திப் பிடித்து எடுத்த கல்யாணம் 14 அங்குல டி.வி.யில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் தெரியும்.)

என் வாதமே இனிமேல்தான். மாற்றி முடித்தவுடன் "இடம் அடைக்கிறது" என்று ஒரிஜினல் பைலை டெலீட் செய்கிறார்கள். போனில் எடுத்த முழு எச்.டி. வீடியோவின் ஒவ்வொரு படத்திலும் 1920க்கு 1080 புள்ளிகள். நீங்கள் மாற்றிய பைலில் 720க்கு 400. ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. சின்ன டி.வி.யில் இது கண்ணுக்குத் தெரியாது. நாளை பெரிய டி.வி. வாங்கும்போது முகம் மங்கித் தெரியும். கம்பை மாவாக்கிய பிறகு மாவைத் திரும்பக் கம்பாக்க முடியாது. எந்தக் கன்வெர்ட்டர் புரோகிராம் "எச்.டி. ஆக்கித் தருகிறேன்" என்றாலும் போன விவரம் போனதுதான். ஒரிஜினலை ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு இடங்களில் வையுங்கள். கடையில் மாற்றக் கொடுத்தால், மாற்றிய பைலோடு கொடுத்த பைலையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய கோயில் கொடை, கல்யாண வி.சி.டி.கள் வீட்டில் இருந்தால் இதற்கு நேர் எதிரான வேலை. அவற்றை எதற்கும் மாற்ற வேண்டாம். வி.சி.டி.யின் படமே 352க்கு 288தான். மறுபடி சுருக்கினால் இன்னும் கெடும். டிஸ்க்கைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற போல்டர் இருக்கும். அதிலுள்ள டாட் பைல்களை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள். வி.எல்.சி. பிளேயர் அவற்றை இயக்கும். காப்பி பாதியில் நின்றால் டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். கொடையில் வில்லுப்பாட்டுப் பாடியவரும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாத்தாவும் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும் இருக்கலாம்.