தூண்டில்காரன் பேச்சு கணக்கில் சேராதாம்

ஓய்வு பெற்ற புதிதில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். காவிரியில் பெரிய மீன் அற்றுப்போகிறது என்று எழுந்து சொன்னேன். "மஹசீர் நன்றாகத்தான் இருக்கிறது. தூண்டில்காரர் பேச்செல்லாம் கணக்கில் சேராது, ஐயா" என்றார் மேடையில் இருந்த அதிகாரி. பெயர் வேண்டாம். எல்லாரும் சிரித்தார்கள்.

தூண்டில்காரன் பிடித்த மீன் வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு மடங்காகிவிடும் என்பது உண்மைதான். நானும் அந்த ரகம்தான். ஆனால் கலிபோரே முகாம் நோட்டு அப்படிப்பட்டது அல்ல.

ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகப் பக்கம் இருந்த முகாம் அது. ராகி உருண்டையை முள்ளில் கோத்துப் போடுவார்கள். சிக்கிய மீனை எடை போட்டு, எழுதிவைத்து, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள் என்பதும் பதிவாகும். 1998 முதல் 2012 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள்! விஞ்ஞானிகள் அதை அலசி 2015ல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

என்ன தெரிந்தது? மொத்த எண்ணிக்கை கூடித்தான் இருந்தது. அதிகாரி சொன்னது சரிதானே என்பீர்கள். கூடியது நீலத் துடுப்பு மஹசீர். மகாராஷ்டிரத்து லோனாவ்லா பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டதால் பெருகியது. (விட்டபோது நாங்களும்தான் கை தட்டினோம்.) காவிரிக்கே சொந்தமான, முதுகு திமில் போல உயர்ந்த, செம்மஞ்சள் துடுப்பு மீன் வருஷத்துக்கு வருஷம் சரிந்திருந்தது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினால் குறைவு எப்படித் தெரியும்? வந்தேறி பெருகியதைக் காட்டி வீட்டுக்காரன் சௌக்கியம் என்பதா?

இன்னொரு கூத்து. அந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர் உறுதியாகவில்லை. பெயர் இல்லாததால் அழியும் உயிர்களின் சர்வதேசப் பட்டியலிலும் இடமில்லை. 1946ல் கபினியில் வான் இங்கன் 120 பவுண்டில் பிடித்தது இந்த இனம்தான் என்பார்கள். அத்தனை பெரிய மீனுக்கு 2018ல்தான் 'டார் ரெமாதேவி' என்று பெயர் உறுதியானது. உடனே 'மிக அபாயத்தில்' என்று பட்டியலிலும் ஏறியது.

அதற்குள் 2012ல் வனவிலங்குச் சட்டத்தைக் காட்டித் தூண்டிலை நிறுத்திவிட்டார்கள். தோட்டா போட்டு மீன் கொல்பவன் சட்டம் பார்த்தா வருகிறான்? முன்பு திருட்டு மீன் பிடித்தவர்களே முகாமில் வழிகாட்டிகளாகி ஆற்றைக் காத்தார்கள். அந்தக் காவலும் போயிற்று, நோட்டும் நின்றது.

என்னிடம் 1981லிருந்து எழுதிய டைரிகள் இருக்கின்றன. தேதி, இடம், எடை எல்லாம் உண்டு. எந்த அலுவலகமாவது கேட்டால் நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.