நட்பைச் சொல்லும் புத்தகத்தில் நம் பிள்ளை யார்?

உங்கள் பிள்ளை பாலர் பள்ளியிலிருந்து கொண்டு வரும் படக்கதைப் புத்தகத்தை ஒரு முறையாவது முழுமையாகப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நட்பு, ஒற்றுமை, வேற்றுமையை மதித்தல் என்று அட்டையில் போட்டிருந்தால் போதும், நல்ல புத்தகம்தான் என்று நாம் நம்பி விடுகிறோம். உள்ளே இருக்கும் படங்களை யார் பார்ப்பது?

சிங்கப்பூரில் 2021 ஆகஸ்டில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ‘ஹூ வின்ஸ்?’ என்ற சிறுவர் படநூல், பள்ளியில் நடக்கும் பகடிவதையைப் பற்றிய கதை. அதில் மற்றவர்களைத் துன்புறுத்தும் மாணவன்தான் கறுத்த நிறம், எண்ணெய் வழியும் சுருட்டை முடி! பெற்றோர் கேள்வி எழுப்பினார்கள். பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு விற்பனையை நிறுத்தியது. தேசிய நூலக வாரியமும் மறுபரிசீலனைக்காக அதை அலமாரியிலிருந்து எடுத்தது.

நமக்கு இது புதிதா? மலேசியாவில் 2011-இல் படிவம் ஐந்து மாணவர்களின் பாடநூலாக வந்த ‘இண்டர்லோக்’ நாவலை மறந்திருக்க மாட்டீர்கள். மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதை. ஒற்றுமையைச் சொல்ல வந்த நூலில்தான் நம்மைச் சாதியால் இழிவுபடுத்தும் சொல் இருந்தது. சமுதாயம் பல மாதங்கள் போராடிய பிறகே, அந்த ஆண்டு டிசம்பரில் அது பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

நோக்கம் நல்லது என்று சொல்லி இதையெல்லாம் தள்ளிவிட முடியாது. விளைவையும் எடைபோட வேண்டும். பதினேழு வயது மாணவன் எதிர்த்துக் கேட்பான். ஐந்து வயதுக் குழந்தை கேட்காது. படத்தில் இருப்பதை அப்படியே நம்பிவிடும்.

ஐ.நா. குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியாவும் சிங்கப்பூரும் 1995-இல் இணைந்தன. அதன் 29-ஆவது விதி, எல்லா இனங்களுக்கும் சமயங்களுக்கும் இடையே புரிந்துணர்வும் நட்பும் வளரக் கல்வி பிள்ளையைத் தயார்படுத்த வேண்டும் என்கிறது. நட்பு என்றால் சமமானவர்களுக்கு இடையில் இருப்பது. ஒருவன் பெரிய மனசு வைத்து இன்னொருவனைச் சேர்த்துக்கொள்வது நட்பல்ல, சலுகை!

ஆகவே அடுத்த முறை புத்தகத்தைத் திறக்கும்போது இவற்றைக் கேளுங்கள். நம் நிறத்துப் பிள்ளைக்குப் பெயர் இருக்கிறதா? அவன் பேசுகிறானா, கூட்டத்தில் நிற்கிறானா? கதை அவன் வீட்டுக்குள் ஒரு தடவையாவது போகிறதா? தவறு செய்பவன் எந்த நிறம்?

இதே கேள்விகளை நம் வீட்டிலும் கேட்க வேண்டும். “கறுத்துப் போயிட்டே” என்று பிள்ளையைக் கேலி செய்வதும், மலாய்க்காரரையும் சீனரையும் பிள்ளைகள் முன்னால் பட்டப்பெயர் வைத்துப் பேசுவதும் நாம்தானே? தமிழ்ச் சிறுவர் நூல்களில் அழகான பிள்ளை என்றாலே வெள்ளையாக வரைவதும் நம்மவர்தானே?

புத்தகங்களைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒன்றைத் தடை செய்தால் இன்னொன்று வரும். அச்சுக்குப் போகும் முன்பே தேர்வுக் குழுவில் நம்மவர் உட்கார வேண்டும் என்பதே என் கோரிக்கை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தலைமையாசிரியருக்கும் நூலகத்துக்கும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.