காணியின்றிக் குளமேது?

ஊவாவின் தோட்டங்களிற் குளம் வெட்டி மீன் வளர்த்தால் ஊட்டக்குறை நீங்குமென அறிஞர் சிலர் கூறுவர். கூற்றுப் பிழையன்று, அது தொடங்குமிடமே பிழை.

1880களில் ஆங்கிலத் துரைமார் தூண்டிலிட்டு மகிழ நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் மீன் விடப்பட்டது. தொழிலாளியின் சட்டிக்கு வந்தது கருவாடே. 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா உலர்வலயக் குளங்களில் ஏழையரின் உணவாயிற்று. அங்கு நீரில் இறங்கத் துரையின் அனுமதி வேண்டியதில்லை. பதுளையின் லயன்களில் வாழும் பெரும்பாலோர்க்கோ ஒரு முழ நிலமும் உரிமையன்று. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியபோதும் அந்நிலை மாறவில்லை.

மலைநீரின் குளிரைத் தாங்கும் கெண்டையினம் உண்டு, நீருமுண்டு, குளம் வெட்ட நிலந்தான் இல்லை. ஆதலின், மீன்குஞ்சை வழங்குமுன் காணியுறுதியை வழங்குக. பிறர் நிலத்தில் வளரும் மீன் பிறர்க்கே உணவாகும்.