பழைய சீரம் மாதிரிகளை அழிக்கும் யோசனை: கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் நிலைப்பாடு

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில் பல ஆண்டுகளாக எடுத்த மாட்டு, ஆட்டு ரத்த மாதிரிகளை, உறைபெட்டியில் இடமில்லை என்று அப்புறப்படுத்தும் யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை.

இடநெருக்கடி உண்மைதான். வெக்கை வைரஸ் இருக்கக்கூடிய மாதிரிகளைச் சர்வதேச விதிப்படி அழிப்பதிலும் மறுப்பில்லை. 2011இல் உலகை விட்டே ஒழிந்த நோய் அது.

மற்றவற்றை ஏன் அழிக்க வேண்டும்? ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் உறுதியானது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அதற்கு முன் அதே போல மூக்கொழுகி, கழிந்து செத்த ஆடுகளை வெக்கைக் கணக்கில் எழுதினார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டும் எலைசா சோதனை பின்னால்தான் வந்தது. அந்தக் கணக்கைத் திருத்தப் பழைய சீரம் வேண்டும். 2019இல் ஒடிசாவில் தெரியவந்த தோல் கழலை நோய் எங்கள் வட்டாரத்தில் எப்போது நுழைந்தது என்பதற்கும் அப்படியே.

கோமாரி விஷயத்தில் எங்களால் பொறுமையாகப் பேச முடியவில்லை. நோய் பரவும்போதெல்லாம் பழி எங்கள் மேல்: ஊசிக்கு மாட்டைக் கொண்டுவரவில்லையாம், குந்தாரப்பள்ளிச் சந்தையிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் நோயை ஓட்டிவந்தோமாம். ஊசி போட்ட மாட்டுக்கும் வாய்ப்புண் வந்ததே, அதற்கு யார் பதில் சொன்னார்கள்? சுத்திகரித்த தடுப்பூசி வைரஸின் மேலுறைப் புரதங்களுக்கே எதிர்ப்பொருளை உண்டாக்கும். நோயே தொற்றிய மாட்டில் மற்றப் புரதங்களுக்கான எதிர்ப்பொருளும் சேர்ந்து தென்படும். ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்த குழாய்களை ஒப்பிட்டால், தொற்று முன்பே இருந்ததா, ஊசி போதிய பலன் தந்ததா என்று சொல்லிவிடலாம். எங்கள் மாட்டின் கழுத்தில் எடுத்த ரத்தம் அது. முடிவை ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. இப்போது அதைக் கொட்டிவிட்டு, பழியை மட்டும் எங்கள் கட்டுத்தறியில் கட்டிவிட்டுப் போவதா?

பெங்களூரு எலகங்காவில் உள்ள கால்நடை நோய் ஆய்வு நிறுவனமான நிவேதியின் சீரம் களஞ்சியத்திடம் ஒப்படைப்பதைப் பரிசீலிக்கலாம். மாதிரிகள் மாநிலம் தாண்டுவதில் சிலருக்குத் தயக்கம் உண்டு. ஊர், தேதி, ஊசி விவரங்களின் நகல் இங்கேயே இருக்குமானால் கொள்கையளவில் ஏற்கலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து.

அது முடிவாகும்வரை ஒரு குழாய்கூட வெளியே போகக் கூடாது. இருப்புப் பட்டியலை ஊராட்சிவாரியாக வெளியிட வேண்டும். சோதித்த மாதிரிகளின் முடிவு மாட்டுக்காரர் கைக்கு வர வேண்டும்.